கொடிமலைச் சருகில் 2 மில்லிமீட்டர் கூன்வண்டு: "பினாங்கில் மட்டும்" என்று எழுதலாமா?

#1 தண்ணீர்மலையான்

வணக்கம். பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஏறும் ஜீப் பாதை ஓரமாக, 390 மீட்டர் உயரத்தில் சலித்த சருகிலிருந்து மூன்று கூன்வண்டுகள் கிடைத்திருக்கின்றன. மூன்றும் ஒரே வகை. மூக்கைச் சேர்க்காமல் 2.1 மில்லிமீட்டர் நீளம், கரும்பழுப்பு நிறம், உடம்பெல்லாம் செதில். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு மண் உருண்டை போலக் கிடக்கும். கிரிப்டோரிங்கினே துணைக்குடும்பம் வரை வந்துவிட்டேன். பேரினம் பிடிபடவில்லை.

கெப்போங் வன ஆய்வுக் கழக வளாகத்தில் எடுத்த பத்து மாதிரிகளையும் பார்த்தாயிற்று. அங்கே ஒன்றுகூட இல்லை. ஆகவே "பினாங்குத் தீவின் அகணிய இனம்" (வேறெங்கும் இல்லாதது) என்று குறிப்பில் எழுதலாம் என்று நினைக்கிறேன். வாழிடம் என்ற இடத்தில் "மலைக்காட்டுச் சருகு" என்று போட்டால் போதுமா? பரவல் வரைபடத்தில் தீவு முழுவதையும் நிழலிட்டுக் காட்டலாமா?

#2 சல்லடை

"அகணிய இனம்", தீவு முழுக்க நிழல், இரண்டுமே வேண்டாம். மூன்று வண்டு, ஒரு புள்ளி. வரைபடத்தில் ஒரு புள்ளியை வையுங்கள், நிழல் எதற்கு?

முதலில் அது பறக்குமா பறக்காதா என்று உறுதி செய்யுங்கள். பரவல் பற்றிய மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். வெளியிலிருந்தே பாதி தெரிந்துவிடும். மேலிறக்கை ஓட்டின் தோள்பட்டை பறக்கும் வண்டில் முட்டிக்கொண்டு நிற்கும், பறக்காததில் வழுக்கி இறங்கிவிடும். கவிழ்த்துப் போட்டு நடுக்காலின் அடிக்கும் பின்காலின் அடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பறக்கும் தசை உட்காரும் பகுதி அதுதான். இடைவெளி மிகக் குறுகி இருந்தால் தசை இல்லை என்று அனேகமாகச் சொல்லலாம்.

மீதிப் பாதிக்கு ஒரு வண்டைப் பலி கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மிக மெல்லிய ஊசியால் ஓடுகள் சேரும் நடுக்கோட்டில் நெம்புங்கள். நெம்பியதும் பிரிந்தால் உள்ளே இறக்கை இருக்கிறதா, இருந்தால் முழு நீளமா, வெறும் துண்டா என்று பாருங்கள். பிரியவே மாட்டேன் என்று ஓடு உடைந்தால் இரண்டும் ஒட்டிப்போனவை என்று பொருள். அது பறக்காது. ஒன்றைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. ஒரே இனத்தில் இறக்கை உள்ளதும் இல்லாததும் கலந்திருக்கும் வண்டுகளும் உண்டு.

#3 தண்ணீர்மலையான்

தோள் இறங்கித்தான் இருக்கிறது. ஒன்றைத் திறந்து பார்த்தேன், ஓடு பிரியாமல் விரிசல் விட்டது. பறக்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கெப்போங் மாதிரிகள் பற்றி: ஆறு குழிப்பொறி (மண்ணில் புதைத்த குவளை), நான்கு விளக்குத் திரை (இரவில் விளக்குக்கு வரும் பூச்சியைத் துணியில் பிடிப்பது).

#4 கெப்போங் பூச்சி

விளக்குத் திரையா! பறக்காத வண்டை விளக்கு வெளிச்சத்தில் தேடினால் எப்படி லா வரும்?

குழிப்பொறி கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் அதில் விழுவது ஓடித் திரியும் வண்டு. தரைவண்டு, சாணவண்டு நிறைய விழும். 2 மில்லிமீட்டர் கூன்வண்டு ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடந்துவிடப் போகிறது? குவளை விளிம்பு மண் மட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றாலும் அதற்கு அது மதில். ஆக உங்கள் கெப்போங் "இல்லை" என்பது இல்லை அல்ல, பார்க்கவில்லை என்பதுதான். கொடிமலையில் சல்லடை, கெப்போங்கில் பொறி என்று இரண்டு முறையில் எடுத்ததை ஒரே அட்டவணையில் போடவே கூடாது.

இன்னொன்று. ஒப்பிட வேறு இடம் பாருங்கள். கழகம் 1929இல் தொடங்கியது, வளாகம் 544 ஹெக்டர். அது இருக்கும் நிலம் ஈயம் தோண்டிப் போட்ட மணலும் காய்கறித் தோட்டமுமாக இருந்தது. இன்று அங்கே ஓங்கி நிற்கிற மரங்களில் பெரும்பாலானவை மனிதர் நட்டவை. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்ததே பாழ்நிலத்தைக் காடாக்கிய அந்தக் கதைக்காகத்தான். மரம் நூறு வருடத்தில் கூரை கட்டிவிடும். நடந்தே வர வேண்டிய வண்டு, பக்கத்திலுள்ள புக்கிட் லாகோங் காட்டிலிருந்து எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பது தனிக் கேள்வி. அதற்குக் கெப்போங் அருமையான களம். பினாங்கில் உள்ளது இங்கே இல்லை என்று காட்டுவதற்கு அது உதவாது.

#5 சல்லடை

மேலே சொன்னதோடு சேர்த்து ஒரு கணக்கு.

20 மாதிரியில் 2 மாதிரியில்தான் உங்கள் வண்டு வந்தது என்று வையுங்கள். ஒரு மாதிரியில் கிடைக்கும் வாய்ப்பு 0.1. அதே அளவு வண்டு இருக்கும் இன்னொரு காட்டில் 10 மாதிரி எடுத்து ஒன்றும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் வரும்: 0.35. மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! 20 மாதிரி எடுத்தாலும் 0.12. நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வர 29 மாதிரி வேண்டும். "இல்லை" என்று எழுத ஆசைப்படுகிறவர் முதலில் இந்த எண்ணைப் போட்டுப் பார்க்கட்டும்.

அந்த மூன்று வண்டும் எத்தனை மாதிரியில் வந்தவை? ஒரே பையிலா?

#6 தண்ணீர்மலையான்

சருகைத் தனித்தனியாக எடுக்கவில்லை. ஏழெட்டு இடத்தில் அள்ளி ஒரே சாக்கில் போட்டுச் சலித்தது.

#7 சல்லடை

அப்படியானால் மேலே போட்ட கணக்கே போட முடியாது. மறுபடி போக வேண்டியதுதான். முறையைச் சொல்கிறேன்.

சருகு எறும்பு ஆய்வாளர்களின் முறை வண்டுக்கும் பொருந்தும். 200 மீட்டர் கோடு, 10 மீட்டருக்கு ஒரு மாதிரி, மொத்தம் 20. ஒவ்வொன்றும் 1 சதுர மீட்டர். அரை அங்குலப் பிவிசி குழாயில் சட்டம் செய்துகொண்டால் தூக்கிப் போக லேசு. சட்டத்துக்குள் இருக்கும் சருகு, சுள்ளி, பொடியாக உதிரும் கட்டை, அடியில் உள்ள தளர்ந்த மண் ஒரு விரல் அளவு, எல்லாவற்றையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாரி அள்ளுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் ஓரத்தில் உள்ளது தப்பிவிடும். மக்கிய கட்டையைப் பாராங் கத்தியால் கொத்திப் போடுங்கள். கையுறை கட்டாயம். பூரானும் தேளும் அங்கேதான் குடியிருக்கும்.

சல்லடைக் கண் 10 மில்லிமீட்டர். ஒரு முறைக்கு மூன்று நான்கு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். அவசரத்தில் சல்லடையை நிரப்பினால் மேலே உள்ள இலை கீழே உள்ளதை மெத்தை போலத் தாங்கிக்கொள்ளும், ஒன்றும் விழாது. இது மாதிரி காலைப் பிடித்து உருண்டு கிடக்கிற கூன்வண்டுக்குக் குலுக்கல்தான் எல்லாம்.

மழை பெய்த கையோடு போகாதீர்கள். ஈரச் சருகு சல்லடையில் அப்பிக்கொண்டு பசையாகிவிடும். ஒரு நாள் விட்டுப் போனால் சரி. அதற்காக சனவரி, பிப்ரவரி வறட்சியிலும் போகாதீர்கள். மேல் சருகு மொறுமொறு என்று காய்ந்ததும் சின்ன வண்டுகள் மண்ணுக்கும் கட்டைக்கு அடிக்கும் இறங்கிவிடும். அப்போது கிடைக்கும் பூச்சியம் காலத்தின் பூச்சியம், இடத்தின் பூச்சியம் இல்லை. பினாங்கில் ஏப்ரல், மே ஒரு மழை, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இன்னொரு மழை. அந்த மாதங்களில் இரண்டு முறையாவது.

உயரம்: 200, 400, 600 என்று மூன்று கோடு. 800க்கு மேற்கு மலைப் பக்கம் மட்டும்தான் இடம், தீவின் உச்சியே 833 மீட்டர். 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 பாகை குளிரும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் ஐந்து பாகை வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

வாழிடம் என்று "மலைக்காட்டுச் சருகு" எழுதுவது "கடையில் கிடைக்கும்" என்று சொல்வது போல. முகட்டில் சருகு தடிப்பாக இருக்கும். தாவரவியலாளர் சார்லஸ் கர்ட்டிஸின் பெயரைத் தாங்கிய ஷோரியா கர்ட்டிசி மரம் நிற்கிற முகடுகளில், அடியில் பெர்த்தாம் பனையும் இருந்தால், கணுக்கால் வரை புதையும். ஆனால் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். பெர்த்தாம் ஓலை மக்கவும் நாளாகும். ஓடைப்பள்ளத்தில் ஈரம் உண்டு, சருகு இல்லை, ஒவ்வொரு மழையும் அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது: பெரிய மரத்தின் பலகை வேர்களுக்கு இடையிலுள்ள மூலை, சரிவின் மேல் பக்கம். மேலிருந்து உருண்டு வரும் சருகு அங்கே தேங்கி, வருடக்கணக்கில் அடுக்கடுக்காக மக்குகிறது. மேலே காய்ந்த இலை, அடுத்து ஒன்றோடொன்று ஒட்டிய கறுத்த இலை, அதற்குக் கீழே வெள்ளைப் பூஞ்சை நூல் ஓடிய பொடி. அந்த மூன்றாவது அடுக்கைத்தான் உங்கள் வண்டின் உறவுக்காரர்கள் விரும்புவார்கள். அதனால் மாதிரித் தாளில் அடுக்கின் தடிப்பு சென்டிமீட்டரில், மரத்திலிருந்து தூரம், சரிவின் பக்கம், பக்கத்தில் மக்கிய கட்டை உண்டா, நான்கையும் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் எழுதினால் எல்லாம் "நடுத்தரம்" ஆகிவிடும்.

#8 பாலிக் பூலாவ் டீச்சர்

சல்லடை சார் வயலில் முடித்துவிட்டார். பாதி மாதிரி பாழாவது அதற்குப் பிறகுதான்.

சலித்த தூளைத் துணிப்பையில் கட்டி, லேபிளை உள்ளே போட்டு, நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து ஊறிப்போகும். காரின் பின்பெட்டியில் வெயிலில் ஒரு மணி நேரம் விட்டால் கதை முடிந்தது. விங்க்லர் பை (தூளைத் தொங்கவிட்டு மெல்லக் காயவைத்துப் பூச்சியை இறக்கும் துணிக்கூடு) வேலை செய்வதே பூச்சி உயிரோடு நடந்து கீழே விழுவதால்தான். செத்த வண்டு தூளோடு தூளாக மேலேயே இருந்துவிடும், நீங்கள் "இல்லை" என்று எழுதுவீர்கள்.

விங்க்லர் பையை வீட்டிலேயே தைக்கலாம். வெளியே இறுக்கமாக நெய்த பருத்தித் துணிக் கூடு, மேலும் நடுவிலும் கம்பிச் சட்டம், கீழே புனல் போலக் குறுகி ஒரு குவளையில் முடியும். உள்ளே தட்டையான வலைப்பை தொங்கும், தூள் அதில் இருக்கும். எல்லாரும் தவறுவது இந்த வலையில். துணி துவைக்கும் வலைப்பை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறார்கள். அதன் கண் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, வண்டு உள்ளேயே சிறைப்பட்டுவிடும். கண் 4 மில்லிமீட்டர் வேண்டும். வெங்காயம் வரும் வலைச்சாக்கு சிலது சரியாக வரும், அளவுகோல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பையின் தடிப்பு 4, 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுவில் ஈரம் தங்கி, பூச்சி அங்கேயே வசதியாக இருந்துகொள்ளும்.

நிரப்பும்போது கீழே குவளையை மாட்டாதீர்கள். ஒரு தட்டை வைத்து, உதிரும் மண்ணைப் பிடித்து மறுபடி வலைப்பையில் கொட்டுங்கள். தொங்கவிட்டு அசைவு நின்ற பிறகுதான் ஆல்கஹால் குவளை. இல்லாவிட்டால் குவளையில் வண்டைவிட மண்தான் அதிகம் இருக்கும், நுண்ணோக்கியில் ஒரு நாள் தேட வேண்டும்.

நேரம்: 48 மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது போதாது. 72 மணி நேரம் வையுங்கள். ஒரு நாள் கழித்து வலைப்பைத் தூளை வெளியே எடுத்துக் கலைத்து மறுபடி நிரப்புங்கள். அந்த இரண்டாம் தவணையில் விழுவதில் கூன்வண்டு நிறைய இருக்கும், சும்மா கிடக்கிற ஜாதி ஆயிற்றே. மழைக்காலத்தில் மூடிய அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் மின்விசிறியும் இருந்தால் நல்லது. விசிறிக் காற்று பையில் நேராகப் படக் கூடாது, ஆடினால் மண் உதிரும்.

#9 சுங்கை பாக்காப்

டீச்சர், விளக்குப் புனல் (புனலில் தூள், மேலே சூடாக்க விளக்கு) போட்டால் சீக்கிரம் முடியுமே? 40 வாட் விளக்கு, ஒரே இரவு.

#10 பாலிக் பூலாவ் டீச்சர்

முடியும் தம்பி, ஆனால் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து, மெதுவாக நகர்பவை வழியிலேயே சுருண்டுவிடும். இங்கே தேடுவது அந்த மெதுவான ஆள். விளக்கைத் தூரமாக வைத்து மூன்று நாள் மெல்லக் காய வைத்தால் சரி. அப்படியானால் விங்க்லரே போதுமே, மின்கட்டணமும் மிச்சம். இரண்டில் எதை எடுத்தாலும் எல்லா இடத்துக்கும் அதையே எடுங்கள்.

ஆல்கஹால்: உடலமைப்புப் பார்க்க 70 சதவீதம், மரபணுவுக்கு 95, 96. 95இலிருந்து 70 செய்ய, 70 மில்லிலிட்டர் ஊற்றி 95 வரும் வரை தண்ணீர் சேர்த்தால் போதும். ஈரத் தூளிலிருந்து ஆவி இறங்கி ஆல்கஹால் நீர்த்துப்போகும், ஒரு நாளில் மாற்றிவிடுங்கள். 95இல் நாளாகக் கிடந்த வண்டு விறைத்து, திறக்கும்போது கால் முறியும். ஆகவே சிலதை 95இல், மீதியை 70இல்.

லேபிள் பென்சிலில். இங்க்ஜெட் எழுத்து ஆல்கஹாலில் கரைந்து வெள்ளைத் தாளாக வெளியே வரும். லேசர் எழுத்துச் சில்லுச் சில்லாக உரியும்.

#11 பழைய லேபிள்

இரண்டு நாளாக இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். "பினாங்கில் மட்டும்" என்று முடிவு செய்யும் முன், அது ஏற்கெனவே வேறு பெயரில் அருங்காட்சியகப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? மலாயாக் கூன்வண்டுகளில் பல, நூறாண்டுக்கு முன்பே விவரிக்கப்பட்டவை. அவற்றில் பலவற்றின் லேபிளில் "பினாங்கு" என்று ஒரே சொல்தான் இருக்கும், உயரமும் இல்லை, மலையா கடற்கரையா என்றும் இல்லை.

அந்த ஒரு சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. அக்காலத்தில் பினாங்கு என்றால் தீவு மட்டுமில்லை. செபராங் பிறை 1800இலிருந்து பினாங்கோடு சேர்ந்தது. லூமுட், பங்கோர் பக்கத்து டிண்டிங்ஸ் பகுதியும் பினாங்கு ஆட்சியில் இருந்து, 1935இல்தான் பேராக்குக்குத் திரும்பியது. வேறிடத்தில் பிடித்து இங்கே கப்பலேற்றிய சரக்குக்கும் துறைமுகப் பெயரே லேபிளாக ஒட்டிக்கொள்ளும். எனவே பழைய "பினாங்கு" வண்டு உண்மையில் பேராக் கரையோரத்து வண்டாக இருக்கலாம்.

இப்போதைய தரவுத்தளங்களில் இது வேறு வடிவத்தில் வரும். இடப்பெயர் மட்டும் உள்ள மாதிரிக்கு மாநிலத்தின் நடுப்புள்ளியை ஆயத்தொலைவாகப் போட்டுவிடுவார்கள். மாநிலத்தில் பெரும்பகுதி நிலம் செபராங் பிறைப் பக்கம், அதனால் அந்தப் புள்ளி கொடிமலையில் விழவே விழாது. நெல்வயலில் காட்டு வண்டு வாழ்வதாக வரைபடம் காட்டினால் அதிசயப்படாமல், "ஆயத்தொலைவுப் பிழை எத்தனை மீட்டர்" என்ற கட்டத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் புள்ளியை எடுத்து ஓரமாக வையுங்கள்.

உங்கள் சொந்தப் புள்ளிக்கும் இதே கண்டிப்பு. தசமப் பாகையில் நான்கு இலக்கம் எழுதினால் சுமார் 11 மீட்டர் நுட்பம். கைப்பேசி காட்டுகிறது என்று ஏழு இலக்கம் எழுதுவது வீண் பெருமை, பலகை வேருக்கு அடியில் குனிந்திருக்கும்போது கைப்பேசியே 15, 20 மீட்டர் தள்ளித்தான் காட்டும். பழைய நிலவரைபடத்திலிருந்து எடுத்தால் அது கெர்த்தாவ் என்ற பழைய நில அளவை அடித்தளத்தில் இருக்கும், கைப்பேசி ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84இல். மாற்றாமல் போட்டால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகரும். சரிவில் நூறு மீட்டர் என்றால் முகட்டு வண்டு ஓடை வண்டு ஆகிவிடும்.

#12 கெப்போங் பூச்சி

அண்ணே டிண்டிங்ஸை இழுத்தது நல்லது. இதோடு நிலவியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"தீவு, அதனால் தனி இனம்" என்கிற வாதம் பினாங்குக்குச் செல்லாது. சுமார் 20,000 வருடத்துக்கு முன் கடல் இன்றைவிட 120 மீட்டர் கீழே. பினாங்கு நீரிணை ஆழம் குறைந்தது, ஆகவே அன்று பினாங்கு தீவே இல்லை, தீபகற்பத்தின் ஒரு குன்று. கடல் சூழ்ந்தது பிற்பாடு. புது இனம் பிரிய அவ்வளவு காலம் போதாது.

என்னைக் கேட்டால் தடை கடல் இல்லை, சமவெளி. கொடிமலைக் குளிரில் பழகிய பறக்காத வண்டுக்குக் கீழே உள்ள வெக்கைக் காடே கடல் மாதிரிதான். அது கடல் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த தடை. ஆகவே ஒப்பிட வேண்டிய இடங்கள் கெடாவில் குனோங் ஜெராய், 1,217 மீட்டர், பிறகு தைப்பிங் பக்கம் புக்கிட் லாரூட். அந்த இரண்டிலும் 400, 600 மீட்டர் உயரத்தில் அதே சல்லடை, அதே 20 மாதிரி, அதே 72 மணி நேரம்.

#13 சல்லடை

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு டிரிகொனொப்டெரஸ். சுமாத்ரா தொடங்கிக் கிழக்கே பசிபிக் தீவுகள் வரை பரவிய, பறக்காத சின்னக் கூன்வண்டுப் பேரினம், இதே துணைக்குடும்பம். 2013இல் நியூகினியிலிருந்து 101 புது இனம், 2014இல் ஜாவா, பாலி சுற்றுவட்டாரத்திலிருந்து 98, 2019இல் சுலாவெசியிலிருந்து 103. அலெக்சாண்டர் ரீடலும் கூட்டாளிகளும் செய்த வேலை. பல இனங்கள் ஒரே ஒரு இடத்திலிருந்து மட்டுமே தெரியும், பக்கத்து மலைக்குப் போனால் வேறு இனம்.

எச்சரிக்கை: அதைக் காட்டி "எங்கள் மலையிலும் அப்படித்தான்" என்று எழுதிவிடாதீர்கள். அங்கே மலை மலையாக ஏறிச் சலித்தார்கள், மரபணுவும் பார்த்தார்கள்.

#14 சுங்கை பாக்காப்

மரபணு பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடும்தானே? ஜெராய் வண்டோடு மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் வேறு இனம்.

#15 சல்லடை

அந்த மூன்று சதவீதம் பறக்கும் பூச்சிகளில் ஓரளவு உதவிய கைவிதி. நடந்தே திரியும் வண்டில் ஒரே இனத்தின் இரண்டு கூட்டமே பல ஆயிரம் தலைமுறை கலக்காமல் இருந்திருக்கும், மைட்டோகாண்ட்ரிய மரபணு அதற்கு மேலேயே விலகியிருக்கும். சதவீதத்தை வைத்து வெட்டினால் ஒவ்வொரு குன்றுக்கும் ஓர் இனம் கிடைக்கும். ஆண் உறுப்பையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் பிரிந்தால் நம்பலாம்.

வண்டை நசுக்காமலே மரபணு எடுக்கலாம். முழு வண்டையும் புரோட்டினேஸ் கே (புரதத்தைக் கரைக்கும் நொதி) கலந்த கரைசலில் 56 பாகையில் ஓர் இரவு ஊறவிட்டால் தசை கரைந்து வரும், ஓடு அப்படியே மிஞ்சும். அந்த ஓட்டிலேயே ஆண் உறுப்பும் சுத்தமாகக் கிடைக்கும். மரபணு எடுக்காத வண்டுக்கு வயிற்றை மட்டும் கழற்றி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் ஓர் இரவு. சுடவைத்து அவசரப்படுத்தினால் ஆண் உறுப்பின் உள்பையிலுள்ள மெல்லிய சவ்வும் சேர்ந்து கரையும், அடையாளமே அதில்தான் இருக்கும். பிறகு கிளிசரினில் வைத்துப் பாருங்கள். மூன்றும் பெண்ணாக இருந்தால் இந்த வேலை எதுவும் நடக்காது, அதற்காகவும் மறுபடி போக வேண்டும்.

#16 தண்ணீர்மலையான்

ஒரு இடம்தான் தெரியும் என்றால் அருகிவரும் உயிரினங்களின் செம்பட்டியலில் "மிக மோசமாக அருகிய" வகையில் வருமா? 2 கிலோமீட்டர் கட்டத்தில் ஒரே கட்டம், 4 சதுர கிலோமீட்டர். எல்லை 10 என்று இருக்கிறதே.

#17 பழைய லேபிள்

எல்லைக்குள் வருவது மட்டும் போதாது. இடங்களின் எண்ணிக்கை, தொடர்ந்து குறைதல், கடும் ஏற்ற இறக்கம், மூன்றில் இரண்டுக்காவது சான்று வேண்டும். ஒரே ஒரு தடவை சலித்த எந்த வண்டுக்கும் 4 சதுர கிலோமீட்டர்தான் வரும், அது வண்டின் கஷ்டமா நம் சோம்பலா என்று கட்டத்துக்குத் தெரியாது. "தரவு போதாது" என்ற வகை இருக்கிறது. அதில் போடுங்கள்.

#18 கெப்போங் பூச்சி

அனுமதி பற்றி யாரும் பேசவில்லை. வனக்காப்பு நிலத்தில் சருகு அள்ளவும் மாநில வனத்துறையின் பெர்மிட் வேண்டும், தெலுக் பஹாங் தேசியப் பூங்கா என்றால் பெர்ஹிலித்தான் (வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை). வண்டு பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லாததால் பெர்மிட் வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு, அனுமதி இடத்துக்கு. மாதிரியையோ மரபணுவையோ வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் 2017ஆம் ஆண்டு உயிர்வள அணுகல் சட்டம், எண் 795, தனியாக வரும். கட்டுரையில் பெர்மிட் எண்ணைக் கேட்பார்கள், முன்தேதியிட்டு வாங்க முடியாது.

கீழ்ச்சரிவில் கோடு போடும்போது ஒன்று கவனியுங்கள். பினாங்கின் தாழ்ந்த சரிவுகள் 19ஆம் நூற்றாண்டில் மிளகு, ஜாதிக்காய், கிராம்பு என்று வெட்டப்பட்டவை, இப்போது டுரியான் தோட்டமும் திரும்ப வளர்ந்த காடும். 200 மீட்டரில் வண்டு இல்லாமல் 600இல் இருந்தால் குளிருக்காகவா, வெட்டாத காட்டுக்காகவா என்று பிரிக்க முடியாது. அதே உயரத்தில் பழைய காடு ஒன்று, திரும்ப வளர்ந்தது ஒன்று, இரண்டிலும் கோடு வேண்டும். மத்திய ஐரோப்பாவில் அகாலெஸ் என்ற பறக்காத கூன்வண்டுகளை வைத்தே இந்தக் காடு தொடர்ந்து காடாக இருந்ததா என்று கணிக்கிறார்கள். நம் வண்டும் அந்த ஜாதியாக இருக்கலாம்.

#19 தண்ணீர்மலையான்

எல்லாருக்கும் நன்றி. குறிப்பை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"கிரிப்டோரிங்கினே, பேரினம் தீர்மானிக்கப்படவில்லை. 3 வண்டுகள், பாலினம் பார்க்கப்படவில்லை. பினாங்குத் தீவு, கொடிமலை, ஜீப் பாதை ஓரம், 390 மீ., ஆயத்தொலைவுப் பிழை 30 மீ. பல இடச் சருகு ஒன்றாகச் சலிக்கப்பட்டது. வாழிடம்: மலைக்காட்டுச் சருகு, அடுக்கும் நுண்ணிடமும் பதியப்படவில்லை. வேறிடங்களில் ஒப்பிடத்தக்க முறையில் தேடப்படவில்லை."

வரைபடத்தில் ஒரே புள்ளி.

#20 சல்லடை

நன்று. "மலைக்காடு" என்பதையும் எடுத்துவிடுங்கள். ஜீப் பாதை ஓரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதை வெட்டிய விளிம்பும் உள்காடும் ஒன்றில்லை. பாதையிலிருந்து எத்தனை மீட்டர் உள்ளே என்று தெரிந்தால் அந்த எண், தெரியாவிட்டால் "பாதை ஓரம்" போதும். அடுத்த தடவை முதல் சட்டத்தைப் பாதையிலிருந்து 50 மீட்டர் தள்ளிப் போடுங்கள்.

#21 பாலிக் பூலாவ் டீச்சர்

வெங்காயச் சாக்கு மூன்று என்னிடம் அளந்து வைத்தது இருக்கிறது, கண் 4.2 மில்லிமீட்டர். ஏப்ரலுக்குள் தைத்துவிடலாம்.